கோஸ்ட்டி டெர்மினல்: அவர்கள் கொடுத்தது வேகம், ஜனங்கள் கேட்டது கன்ட்ரோல் எஃப்

கோஸ்ட்டி ஒரு டெர்மினல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை வேலை வாங்கும் சாளரம். அதன் 1.0 பதிப்பு வந்தது 2024 டிசம்பர் 26. அதற்கு முன்னால் நெடுநாள் அழைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று மூடிய பீட்டாவாகவே ஓடிக்கொண்டிருந்தது, டிஸ்கார்டில் கூட்டம் கூடிக்கொண்டே போனது, உள்ளே போனவர்கள் வெளியே இருந்தவர்களிடம் ஸ்க்ரீன்ஷாட் காட்டி வெறுப்பேற்றினார்கள். எழுதியவர் மிட்செல் ஹாஷிமோட்டோ. வேக்ரன்ட், டெராஃபார்ம் போன்ற நிரலாளர் கருவிகள் எல்லாம் அவர் கை பட்டவை, ஹாஷிகார்ப் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர், 2023 கடைசியில் அங்கிருந்து விலகி வந்தவர். பணத்துக்காகச் செய்யவில்லை, ஜிக் என்ற நிரல்மொழியும் ஜிபியு (வரைகலைச் செயலி) நிரலாக்கமும் கற்றுக்கொள்ள ஆரம்பித்த வேலை வளர்ந்து இப்படி ஆகிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் முழு மூல நிரலும் கிடைக்கிறது.

ஆகவே எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். விளம்பரத்தில் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள்: வேகம், வசதிகள், அந்தந்த இயங்குதளத்துக்கே உரிய தோற்றம். மற்ற டெர்மினல்கள் இதில் ஒன்றையோ இரண்டையோ விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன, நாங்கள் மூன்றையும் தருகிறோம் என்பது வாதம். உண்மையிலேயே மேக்கில் அது ஸ்விஃப்ட்டில் எழுதிய மேக் செயலி, லினக்ஸில் அது ஜிடிகே என்ற வரைகலை நூலகத்தில் எழுதிய செயலி, இரண்டுக்கும் அடியில் ஒரே ஜிக் நூலகம், அதற்குப் பெயர் லிப்கோஸ்ட்டி. பொறியியல் பார்வையில் அழகான ஏற்பாடு.

வெளியான அன்றே ஜனங்கள் இறக்கிப் போட்டுத் திறந்து பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் அதே மூச்சில் கேட்ட கேள்வி: இதில் தேடுவது எப்படி?

தேட முடியாது என்பதுதான் பதில். மேலே ஓடிப்போன வெளியீட்டில் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 1.0-ல் அதற்கு வசதியே இல்லை. ஓரத்தில் ஸ்க்ரோல்பாரும் இல்லை, எவ்வளவு தூரம் மேலே வந்திருக்கிறோம் என்பது தெரியாது. முழு ஸ்க்ரோல்பேக்கையும், அதாவது மேலே ஓடிப்போன வெளியீடு அத்தனையையும், ஒரு ஃபைலில் கொட்டி அதை எடிட்டரில் திறந்து தேடிக்கொள்ளலாம் என்று ஒரு மாற்றுவழி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். ராத்திரி பதினொரு மணிக்கு பில்ட் உடைந்து இரண்டாயிரம் வரி ஓடிப்போன பிறகு, எங்கே முதல் எரர் என்று பார்க்க வேண்டியவன் இந்த வழியில் போய்ப் பார்க்கட்டும், அப்போது புரியும்.

இது ஏதோ ஓரத்தில் கேட்ட முணுமுணுப்பு இல்லை. 1.0 வந்த நாளிலிருந்து மாதக்கணக்கில் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்ன குறை இது. 1.1-ல் வரவில்லை. 2025 செப்டம்பரில் வந்த 1.2-ல் கட்டளைப் பட்டியல் வந்தது, மூடிய டேபை மீட்டெடுக்கும் வசதி வந்தது, லினக்ஸில் மேலிருந்து இறங்கும் குவிக் டெர்மினல் வந்தது, தேடல் வரவில்லை. கடைசியில் 2026-ல் 1.3-ல் தேடலும் ஸ்க்ரோல்பாரும் சேர்ந்து வந்தன. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. டெர்மினல் எழுதுகிறவர்களுக்கு வேகம் ஒரு போதை. ஒரு பெரிய ஃபைலை கேட் கட்டளையில் கொட்டி எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பதும், இன்னொரு டெர்மினலோடு வைத்து வரைபடம் போடுவதும், அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. பயன்படுத்துகிறவன் வேகத்தைப் பற்றிப் பேசுவான், ஆனால் கேட்பது வேறு. விரல் பழகிய இடத்தில் பழகிய விசை வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவன் கேட்பது. அலாக்ரிட்டி என்ற இன்னொரு டெர்மினலின் கதை நினைவிருக்கிறதா? 2017 ஜனவரியில் அறிவித்தபோது உலகத்திலேயே வேகமான டெர்மினல் என்றார்கள், ஸ்க்ரோல்பேக்கே இல்லை. மேலே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் டெர்மினலுக்குள் ஓடும் டிமக்ஸ் என்ற நிரலைப் போட்டுக்கொள் என்றார்கள். ஜனங்கள் விடவில்லை, 2018-ல் ஸ்க்ரோல்பேக் வந்தது. டேப் வேண்டும் என்று கேட்டார்கள், அதற்கு மட்டும், மேக் இயங்குதளமே தரும் டேப் தவிர, இன்று வரை பிடிவாதமாக மாட்டேன் என்கிறார்கள். அதுவும் ஒரு நிலைப்பாடு, மரியாதை உண்டு, ஆனால் நான் டேப் உள்ள பக்கம் போய்விட்டேன்.

இரண்டாவது பெரிய புகார் எஸ்எஸ்எச், அதாவது தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் வழி, சம்பந்தப்பட்டது. உங்கள் கணினியில் எல்லாம் ஜோராக இருக்கும். வேலைக்காக ஒரு சர்வருக்குள் நுழைவீர்கள், அங்கே டாப் அல்லது நானோ என்று அடித்த உடனே, இந்த டெர்மினலை எனக்குத் தெரியாது என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிலருக்கு பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து அழிவதற்குப் பதில் இடைவெளி விழுந்தது. புதிதாக வந்த பலர் இதைப் பார்த்ததும் கோஸ்ட்டி உடைந்திருக்கிறது என்று முடிவுகட்டிப் பழைய டெர்மினலுக்கே திரும்பிப் போனார்கள்.

உடைந்தது கோஸ்ட்டி இல்லை. ஒவ்வொரு டெர்மினலும் டெர்ம் என்ற சூழல் மாறியில் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும், அந்தப் பெயருக்கு உரிய திறமைப் பட்டியல் டெர்ம்இன்ஃபோ என்ற தரவுத்தளத்தில் இருக்கும், மறுமுனையில் இருக்கிற நிரல் அதைப் பார்த்துத்தான் எந்த எஸ்கேப் குறியீட்டை (திரையைக் கட்டுப்படுத்தும் கட்டளையை) அனுப்பலாம் என்று முடிவு செய்யும். கோஸ்ட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கோஸ்ட்டி என்று சொல்லிக்கொள்கிறது. முன்னால் எக்ஸ்டெர்ம் ஏன் என்றால், அந்தப் பெயரில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வண்ணம் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற நிரல்கள் ஏராளம். ஐந்து வருடம் முன்னால் நிறுவிய சர்வருக்கு நேற்று பிறந்த டெர்மினலின் பெயர் எப்படித் தெரியும்? கிட்டி டெர்மினலுக்கும் இதே பாடு, அவர்கள் அதற்கென்றே தனி எஸ்எஸ்எச் கருவி வைத்திருக்கிறார்கள்.

தீர்வு உண்டு. டெர்ம்இன்ஃபோ பதிவை எடுத்து எஸ்எஸ்எச் வழியாக சர்வரில் ஒரு தடவை ஏற்றிவிடலாம், ஒரே வரிக் கட்டளை, ஆவணத்தில் இருக்கிறது. அல்லது அந்த சர்வருக்கு மட்டும் பெயரை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று மாற்றிச் சொல்லச் சொல்லலாம். 1.2-ல் இந்த இரண்டையும் கோஸ்ட்டியே செய்யும்படி ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) ஒருங்கிணைப்பில் வைத்தார்கள், ஆனால் நாமே கான்ஃபிக் ஃபைலில் இயக்கினால்தான் இயங்கும். ஏன் அப்படி என்றால், அடுத்தவர் சர்வரில் நம்மைக் கேட்காமல் ஒரு ஃபைலை வைப்பது சரியில்லை என்ற நியாயம். சரிதான். ஆனாலும் தினமும் புதுப்புது சர்வருக்குள் போய்வருகிற சிஸ்டம் அட்மின் ஆட்களிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள். ஆவணத்தைப் படித்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. டெர்மினலுக்கு ஆவணம் படிக்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

இன்னொரு பக்கம், வெளியான ஐந்தாம் நாளே, டிசம்பர் 31 அன்று, 1.0.1 வந்தது. அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள். சாளரத்தின் தலைப்பைத் திருப்பிச் சொல்லு என்று நிரல் கேட்டால் டெர்மினல் சொல்லும் என்ற பழைய வசதி அது. தலைப்பில் கட்டளையைப் பொதித்து வைத்துவிட்டு, பிறகு அந்தத் தலைப்பையே திருப்பிச் சொல்ல வைத்தால், அது நீங்கள் விசைப்பலகையில் அடித்தது போல ஷெல்லுக்குள் போய் விழும். இதே தந்திரம் 2003-லேயே மற்ற டெர்மினல்களில் கண்டுபிடித்துப் பதிவாகியிருந்தது. இருபது வருடப் பழைய ஓட்டை புதுச் சட்டையோடு திரும்ப வந்திருக்கிறது. புதிதாக ஒன்றை எழுதும்போது பழைய வசதிகளோடு பழைய பாவங்களும் கூடவே வரும் போலிருக்கிறது, விடி100 என்ற பழைய டெர்மினல் வந்த 1978-லிருந்து சேர்ந்த மூட்டை அல்லவா. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் வெளியில் இருந்த ஒருவர்தான், மூடிய பீட்டாவில் யார் கண்ணிலும் படவில்லை.

இனி நான் உண்மையில் எழுத விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். பயனர்கள் சொல்வதை இந்தத் திட்டம் எப்படிக் கேட்கிறது என்பது.

திறமூலத் திட்டங்கள் இருக்கும் கிட்ஹபில் கோஸ்ட்டிக்குப் போய் ஒரு இஷ்யூ (புகார்ப் பதிவு) திறக்கப் பார்த்தால் தடுத்துவிடுவார்கள். முதலில் டிஸ்கஷன்ஸ் பகுதியில் எழுத வேண்டும். அங்கே யாராவது அதை மறுபடி நிகழ்த்திப் பார்த்து, ஆமாம் இது பக் தான், அல்லது இந்த வசதியை இப்படிச் செய்யலாம் என்று தெளிவான பிறகு, பராமரிப்பாளர்கள் அதை இஷ்யூவாக மாற்றுவார்கள். அதனால் இஷ்யூ பட்டியலில் இருப்பது எல்லாமே யார் வேண்டுமானாலும் எடுத்து உடனே வேலை தொடங்கக்கூடியவை. இதைப் பற்றிக் கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். எனக்கு பக் இருக்கிறது, அதைச் சொல்ல வந்தால் அரட்டைப் பகுதிக்குப் போ என்கிறாயே என்று. பார்க்க அலட்சியம் போலத்தான் தெரியும், மறுக்கவில்லை.

ஆனால் நான் இந்த ஏற்பாட்டின் பக்கம்தான். பெரிய திறமூலத் திட்டங்களின் இஷ்யூ பக்கத்தை யாராவது போய்ப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் திறந்து கிடக்கும், பாதி ஃபான்ட் பிரச்சினை, கால்வாசி டிமக்ஸ் பிரச்சினை, சில நூறு நன்றி கடிதங்கள், கடைசியில் ஒரு தானியங்கி வந்து, ரொம்ப நாளாக யாரும் பேசவில்லை என்று மூடிவிட்டுப் போகும். இதில் எது மரியாதை? டெர்மினல் விஷயத்தில் இன்னும் சிக்கல், திரையில் தப்பாகத் தெரிகிற ஒன்றுக்கு ஷெல் காரணமாக இருக்கலாம், ஃபான்ட் காரணமாக இருக்கலாம், நடுவில் இருக்கிற டிமக்ஸ் காரணமாக இருக்கலாம், உள்ளே ஓடுகிற நிரலும் காரணமாக இருக்கலாம். பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: கோஸ்ட்டி சாளரத்தில் தப்பாக வருகிறது. ஆகவே பேசிப் பிரித்தெடுக்க ஒரு முன்கூடம் தேவைப்படுகிறது.

அந்த முன்கூடம் எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பதற்கு மெமரி லீக் (எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்காத பிழை) விவகாரமே சாட்சி. 2025-ல் சில பயனர்கள் கோஸ்ட்டி மெமரியைத் தின்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் பத்து நாள் மூடாமல் ஓடவிட்டதில் 37 ஜிபி போயிருந்தது. முப்பத்தேழு! எத்தனையோ பேர் சொன்னார்கள், ஆனால் பராமரிப்பாளர்கள் யாராலும் தங்கள் கணினியில் அதை நிகழ்த்திக் காட்ட முடியவில்லை. பிழை 1.0-லிருந்தே இருந்திருக்கிறது, அது வெளியே தெரியும்படியான சூழ்நிலைதான் புதிதாக வந்தது. அந்தச் சூழ்நிலையின் பெயர் கிளாட் கோட், அதாவது டெர்மினலுக்குள்ளேயே ஓடுகிற ஏஐ உதவியாளர்.

நடந்தது இது. கோஸ்ட்டி ஸ்க்ரோல்பேக்கைப் பக்கங்களாகப் பிரித்து ஒன்றோடொன்று சங்கிலியாக வைத்திருக்கிறது. பெரும்பாலான பக்கங்கள் ஒரே நிலையான அளவு, அவற்றுக்கு ஒரு பொதுக் குளத்திலிருந்து மெமரி எடுத்து, முடிந்ததும் அந்தக் குளத்திலேயே திருப்பிப் போடும். ஈமோஜி, ஸ்டைல், பல குறியெண்கள் (யூனிகோட் எண்கள்) சேர்ந்த எழுத்து என்று ஒரு பக்கத்தில் அதிகம் குவிந்தால் நிலையான அளவு போதாது, அப்போது பெரிய பக்கம் ஒன்றை நேரடியாக இயங்குதளத்திடமே கேட்டு வாங்கும். ஸ்க்ரோல்பேக் வரம்பைத் தொட்டதும் மிகப் பழைய பக்கத்தைக் கழற்றி, அதையே புதுப் பக்கமாகக் கடைசியில் மாட்டும். வேகத்துக்காகச் செய்த வேலை. அப்படி மாட்டும்போது அந்தப் பெரிய பக்கத்தின் அளவுக் குறிப்பை மட்டும் நிலையான அளவு என்று மாற்றி எழுதிவிட்டது, அடியில் இருந்த மெமரி பெரியதாகவே இருந்தது. பிறகு விடுவிக்கும்போது, இது நிலையான பக்கம்தானே, குளத்துக்குப் போகட்டும் என்று நினைத்து இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்காமலேயே விட்டுவிட்டது. சாதாரணமாகப் பெரிய பக்கங்கள் அபூர்வம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. கிளாட் கோட் வெளியீட்டில் அவை மலிந்து கிடந்தன, ஸ்க்ரோல்பேக்கும் மளமளவென்று நிரம்பியது.

திருத்தம் சின்னது: பெரிய பக்கத்தை மறுபயன்பாட்டுக்கு எடுக்காதே, அதை முறையாக விடுவித்துவிட்டு நிலையான பக்கம் ஒன்றைப் புதிதாக எடு. 2026 ஜனவரியில் ஹாஷிமோட்டோ இதை விளக்கிப் படங்களோடு விரிவாக எழுதினார். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு ஒன்றே லீக்குக்கு வழிவிட்டது என்பது எனக்குச் சுவாரசியமாக இருந்தது. அதைவிட முக்கியம், தன்னால் நிகழ்த்த முடியாத ஒன்றைப் பயனர் சொல்கிறார் என்பதற்காக அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. என் கணினியில் சரியாக ஓடுகிறது என்று சொல்லி மூடிவிட்டுப் போகிற ஆட்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏஐ பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் கோஸ்ட்டி ஒரு விதி கொண்டுவந்தது: ஏஐ உதவியோடு எழுதிய பேட்ச் (நிரல் திருத்தம்) என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹாஷிமோட்டோ ஏஐக்கு எதிரி இல்லை, அவரே நன்றாகப் பயன்படுத்துகிறவர். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற ஆளுக்கு நேரம் ஒதுக்கி விளக்கம் சொல்வது வேறு, தான் அனுப்பியதைத் தானே படிக்காத ஆளுக்கு உட்கார்ந்து விளக்கம் சொல்வது வேறு என்பது அவர் தரப்பு. பயனர் கருத்து என்ற பெயரில் இயந்திரம் எழுதிய நீளநீளமான பக் அறிக்கைகள் வந்து குவிகிற காலத்தில் இந்த விதி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மற்ற புகார்களை வேகமாகச் சொல்கிறேன். செட்டிங்ஸ் என்று அழுத்தினால் சாளரம் வராது, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான் திறக்கும். எனக்கு அது வசதி, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் போட்டு எல்லாக் கணினியிலும் ஒரே கான்ஃபிக் வைத்துக்கொள்ளலாம், ஐடெர்ம்2 டெர்மினலின் கணக்கில்லாத செட்டிங்ஸ் டேப்களிலிருந்து விடுதலை. ஆனால் ஃபான்ட் அளவை மாற்ற மட்டும் வந்தவருக்கு அது முகத்தில் அடித்தது போலத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான தீம்களை உள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள், நல்ல விஷயம், ஆனால் 1.2-க்கு மாறியபோது தீம்களின் பெயர்கள் மாறிப்போய்ப் பலருக்கு கான்ஃபிக் பிழை காட்டியது. லினக்ஸில் முதல் சாளரம் திறக்கக் கொஞ்சம் தயங்குகிறது, ஜிடிகேயை ஏற்றும் சுமை அது, ஃபுட் மாதிரி மெலிந்த டெர்மினலிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் கவனிப்பார்கள். ஒரே செயல்முறையில் எல்லாச் சாளரத்தையும் திறக்க வைத்தால் இரண்டாவதிலிருந்து தெரியாது. 1.0 காலத்தில் டெபியன், உபுண்டு லினக்ஸ் ஆட்களுக்கு அதிகாரபூர்வப் பொதி கிடையாது, சமூகத்தில் யாரோ கட்டிய பொதியை நம்ப வேண்டும் அல்லது குறிப்பிட்ட ஜிக் பதிப்பைத் தேடி எடுத்து நாமே கட்ட வேண்டும், ஆர்ச் லினக்ஸ் ஆட்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விண்டோஸுக்கு இல்லை. அங்கே விண்டோஸ் டெர்மினலே போதுமான அளவுக்கு நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம், அதனால் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி நம் விவகாரம். டெர்மினலில் தமிழ்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்கள், தமிழ் உரையை கிரெப் கட்டளையால் தேடுகிறவர்கள், தமிழில் கமிட் செய்தி எழுதுகிறவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, நானும் அதில் உண்டு. டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள், ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். சீன, ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு. தமிழுக்கு? பழைய முறையில் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் தனித்தனியாக அகலம் கணக்கிட்டுக் கூட்டுவார்கள். யூனிகோடில் நம் உயிர்மெய்க் குறிகளில் பெரும்பாலானவை இடம் பிடிக்கும் குறிகள் என்ற வகையில் இருக்கின்றன, ஈகாரக் குறியும் புள்ளியும் மட்டும் இடம் பிடிக்காதவை. ஆக, இந்தக் கணக்கில் கிளி என்பதற்கு நான்கு கட்டம், கீரிக்கு மூன்று கட்டம், நீர் என்பதற்கு இரண்டு கட்டம். தி எழுதினால் இரண்டு, தீ எழுதினால் ஒன்று. கர்சர் எங்கேயோ நிற்கும், பேக்ஸ்பேஸ் அடித்தால் வேறெங்கோ அழியும், பக்கத்துப் பத்தி நகர்ந்துபோகும். பல வருடம் இதோடுதான் குடித்தனம்.

புதிய டெர்மினல்கள் செய்வது வேறு. குறியெண்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், வாசிக்கிறவர் ஓர் எழுத்தாகப் பார்க்கிற கொத்தை மொத்தமாக எடுத்துக்கொள்கின்றன. கிளி இரண்டு கொத்து, கீரியும் இரண்டு கொத்து. கோஸ்ட்டி இதை இயல்பாகவே செய்கிறது. கான்டூர் டெர்மினலைச் சேர்ந்தவர்கள் முன்வைத்த 2027 என்ற எண்ணுள்ள பயன்முறை ஒன்று இருக்கிறது, நீ கொத்தாக எண்ணுகிறாயா என்று நிரல் அதைக் கொண்டு டெர்மினலிடம் கேட்டுக்கொள்ளலாம், கோஸ்ட்டி அதற்கும் பதில் சொல்லும். ஹாஷிமோட்டோ 2023-லேயே இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறார், எடுத்துக்காட்டாக அவர் வைத்தது உழவர் ஈமோஜி. ஆளும் நெற்கதிரும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பானும் சேர்ந்த கொத்து அது. தமிழுக்காகவும் இந்திக்காகவும் மட்டும் கேட்டிருந்தால் இது எந்தக் காலத்தில் நடந்திருக்கும் என்று தெரியாது, ஈமோஜி உடைகிறது என்று உலகமே புகார் சொன்னதில் நமக்கும் சேர்த்து வழி பிறந்தது. சுழன்றும் ஏர்ப்பின்னதுதான் உலகம்.

ஆனால் எண்ணிக்கை சரியானால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கொத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் ஆங்கில எழுத்தின் அகலத்தில் ணௌ எங்கே உட்காரும்? இரண்டு கட்டம் கொடுத்தால் ர தனியாகக் கிடக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் யூனிகோட் கணக்கில் இரண்டிரண்டு கொத்து, கண்ணுக்கு ஒன்று. அதோடு, டெர்மினல் ஒரு மாதிரி எண்ணி, உள்ளே இருக்கிற ஷெல் பழைய மாதிரியே எண்ணினால், கர்சர் தகராறு அப்படியே நீடிக்கும், இரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் விமோசனம். 2025-ல் கிட்டி கொண்டுவந்த நெறிமுறையில், இந்த எழுத்துக்கு இத்தனை கட்டம் எடுத்துக்கொள் என்று நிரலே டெர்மினலுக்குச் சொல்லிவிடலாம், யாரும் யூகிக்க வேண்டாம். எனக்கு அதுதான் சரியான திசை என்று தோன்றுகிறது, எல்லாரும் ஏற்றுக்கொள்ள எத்தனை வருடம் ஆகுமோ.

அதுவரை கோஸ்ட்டியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதன் இயல்பான ஃபான்ட்டான ஜெட்பிரெய்ன்ஸ் மோனோவில் தமிழ் கிடையாது, அதனால் கணினியில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்டை அதுவாகவே எடுத்துக்கொள்ளும், சில சமயம் கண்றாவியான ஒன்றை. கான்ஃபிக்கில் குறிப்பிட்ட யூனிகோட் வரம்புக்கு இந்த ஃபான்ட் என்று கட்டிவிட ஒரு வரி இருக்கிறது. தமிழ்த் தொகுதியின் 128 இடங்களுக்கும் ஒடுக்கமான ஃபான்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பக்கத்து எழுத்தின் மேல் ஏறுவது பெருமளவு குறையும். எனக்கு நோட்டோ சான்ஸ் தமிழின் ஒடுக்கமான வடிவம் பழகிவிட்டது.

2025 டிசம்பரில் கோஸ்ட்டி ஹேக் கிளப் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் குடைக்குக் கீழ் போனது, ஆகவே நாளைக்கே யாராவது வாங்கிப் பூட்டுப் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் குறைந்திருக்கிறது. தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று புகார் எழுதப் போகிறவர்கள் டிஸ்கஷன்ஸில் எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் அந்தச் சொல்லை உரையாகவும் ஒட்டுங்கள், அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தட்டச்சு தெரியாது, நகலெடுத்துப் போட்டுப் பார்க்கத்தான் முடியும். எந்த ஃபான்ட், எந்தப் பதிப்பு, எந்த ஷெல் என்று சொல்லுங்கள், எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குப் பிரவுசரில் எடுத்த படம் ஒன்றும் வையுங்கள். முக்கியமாக, டிமக்ஸ் தன் பங்குக்கு எழுத்து அகலத்தைத் தனியாகக் கணக்கிடும், ஆகவே டிமக்ஸை மூடிவிட்டு வெளியேயும் அப்படித்தான் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.